வெளுத்த பெட்டூனியா

"நிறமி இல்லாத இதழ் வெள்ளையாக இருக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஐயா?" என்றாள் மாணவி.

"1990-இல் அமெரிக்காவில் ஜார்ஜென்சன் குழுவினர், பெட்டூனியாவுக்குள் சால்கோன் சிந்தேஸ் மரபணுவின் கூடுதல் பிரதியைச் செலுத்தினார்கள். நிறமி உருவாக அந்த மரபணு வேண்டும். பூ என்ன ஆகியிருக்கும்?"

"ஊதா அடர்ந்திருக்கும்."

"வெளுத்துப்போனது! செடிகளில் 42 விழுக்காடு வரை அப்படி. சில பூக்கள் முழு வெள்ளை. சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் மாறி மாறி. புதிதாக வந்த மரபணுவோடு செடியின் சொந்த மரபணுவும் அடங்கிவிட்டது."

"மரபணு சிதைந்ததா?"

"இல்லை. அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாகிக்கொண்டுதான் இருந்தது. உருவானது நிலைக்கவில்லை."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அழித்தது யார்?"

விடைக்கான தடயம் 1999-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கிடைத்தது. அடங்கிய மரபணுக்கள் உள்ள செடிகளில் சுமார் 25 நியூக்ளியோடைடு நீளமே கொண்ட ஆர்.என்.ஏ. துண்டுகளை ஹாமில்டனும் பால்கோமும் கண்டார்கள். ஆசிரியர் அதன் வழியை விளக்கினார்: இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர் வகை நொதிகள் 21 முதல் 24 நியூக்ளியோடைடு வரை நறுக்கும். அதில் ஓர் இழையை ஆர்கோனாட் புரதம் பிடித்துக்கொள்ளும். அந்த இழைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால் வெட்டிவிடும்.

"அப்படியானால் வெண்மை வெறும் இன்மை இல்லை. விடாமல் நடக்கும் வேலையின் விளைவு."

"அந்த வேலை நின்றால்?" என்று அவரே கேட்டுவிட்டு, மஞ்சள் சோயாவைச் சுட்டினார். அதன் விதையுறையிலும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் இதே மரபணுவைத்தான் அடக்குகின்றன, மனிதர் யாரும் எதையும் செலுத்தாமலே. அதே செடியின் பூ ஊதாவாக இருக்கலாம். அடக்கம் விதையுறையோடு சரி. சோயா மொசைக் வைரஸ் தாக்கும்போது பாருங்கள்: சிறு ஆர்.என்.ஏ.க்கள் வைரஸையும் வெட்டக்கூடியவை என்பதால், அவற்றை முடக்கும் புரதத்தோடுதான் அது வருகிறது. முடக்கியதும் மஞ்சள் விதையில் பழுப்போ கறுப்போ திட்டுத்திட்டாகத் தெரிகிறது. மறைந்திருந்த நிறம் வைரஸ் கொடுத்ததல்ல, விதையுடையதே.

"எல்லா வெள்ளைப் பூவுக்கும் இதுதான் காரணமா?"

"அவசரப்படாதே. சிலவற்றில் நிறமி மரபணுவே பழுதாகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை."

"பிரித்தறிவது எப்படி?"

"இதழை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடு. அந்த மரபணுவோடு பொருந்தும் 21 நியூக்ளியோடைடு துண்டுகள் குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்."