மக்கு என்று எழுதியது யார்?

'மக்கு' சின்ன வார்த்தைதான். வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது. கொல்லிமலையில், குண்டனி நாட்டில், ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "வலிப்பு மாசத்துக்கு ஒருக்கா வருதுங்ணா. மக்குங்கிற பேச்சு தெனமும் வருது." பையன் நாலாவது படிக்கிறான். நேற்றுப் படித்த வாய்ப்பாடு இன்று இல்லை. கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறதிக்குக் காரணம் உண்டு. விழுந்து கைகால் இழுப்பது மட்டும் வலிப்பல்ல. சில பிள்ளைகளுக்குச் சில விநாடி கண் நிலைகுத்தும், அவ்வளவுதான். ஒரே நாளில் பலமுறை வரும். அந்நேரத்துப் பாடம் அவர்களுக்கு இல்லை. வாத்தியார் கண்ணுக்கு அது பராக்கு. ராத்திரித் தூக்கத்தில் வருவதோ யார் கண்ணிலும் படாது, படித்தது தங்காது.

மருந்தும் சேர்ந்துகொள்கிறது. பினோபார்பிட்டோன் 1912இல் வந்த மாத்திரை. மலிவு. ஏழை நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்ததும் இதைத்தான். வலிப்பை அடக்கும், சில பிள்ளைகளை மந்தமாக்கும், கவனத்தைக் கெடுக்கும். அதற்காகச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மாற்றிக் கொடுக்க டாக்டர் வேண்டும். நரம்பு டாக்டரைப் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், அன்றைய கூலி போகும்.

இத்தனையும் சேர்ந்து உண்டாக்கியதைப் பிறவிக்குணம் என்று எழுதுவது இந்த நாட்டுக்குப் புதுசா? குளத்தைத் தடுத்துவிட்டு அழுக்கன் என்றவர்கள், ஏட்டைத் தடுத்துவிட்டு அறிவில்லை என்றவர்கள்தானே!

நம் மேடைகளிலும் ஒரு பேச்சு இருக்கிறது: "எங்க பிள்ளைங்க யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல." வலிப்புள்ள பிள்ளைகளில் பலர் மற்றவர்போலவே படிக்கிறார்கள், உண்மைதான். நல்ல மருந்து கிடைத்தும் வாய்ப்பாடு ஏறாத பிள்ளையை என்ன செய்யப்போகிறோம், ஒளித்து வைப்போமா? குறைந்தவரில்லை என்பதால்தான் சமம் என்றால், குறைந்தவனுக்குச் சமத்துவம் கிடையாது என்றாகிறது. இது 'தகுதி, திறமை' பேசுகிறவர்களின் வாதம். நம் வாயிலிருந்து வரக்கூடாது. 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் இதை நேராகவே எடுத்தார். மனிதர்கள் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டே கேட்டார்: முயற்சியில் வேறுபாடு இருந்தால் வேறாக நடத்தலாம், பிறப்பும் வளர்ப்பும் தந்த வேறுபாட்டுக்கு எப்படி நடத்தலாம்?

அந்தப் பையனுக்கு முதல் வரிசை வேண்டும். அதே பாடம் மறுநாளும் வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் வலிப்பின் பெயர் இல்லை. கற்றல் குறைபாடு என்றோ அறிவுத்திறன் குறைபாடு என்றோ சான்று வாங்கினால்தான் அவன் கணக்கில் வருவான். அதற்கும் மலை இறங்கணும்.