திக்கும் நா திருத்துமோ?

தாமே திக்கிப் பேசுபவர் பிறர் திக்குவாயைத் திருத்தப் புகலாமோ? இவ்வினா நம் பெங்களூருக்குப் புறம்பானதன்று. இங்கு நிம்ஹான்ஸ் நிலையத்தில் பேச்சுக் குறைகளுக்கெனத் தனித்துறை இயங்குகின்றது. 1965-ல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகின்றது. அங்ஙனம் பயின்ற ஒருவர் தம் பெயரைச் சொல்லவே தடுமாறுவாராயின், "தன் நோய் தீராதவன் பிறர் நோய் தீர்ப்பானோ?" என்று உலகம் நகைக்கும்.

திக்கல் அடியோடு ஒழிந்தாலன்றிப் பயனில்லை என்னும் எண்ணமே அந்நகைப்பின் வேர். வளர்ந்தோருள் நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படும் இத்தடை, மரபினாலும் மூளையின் இயக்கத்தினாலும் எழுவது. இதனைச் சோம்பல் என்பதும் முற்பிறவிப் பாவம் என்பதும் அறியாமையாம்.

அமெரிக்க நாட்டுச் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) இளமை முதல் திக்கியவர். 1936-ல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பேச்சுச் சிகிச்சை நிலையம் கண்டார். அஞ்சாமல், எளிதாகத் திக்கும் வழியை அவர் கற்பித்தார். தடைப்பட்ட சொல்லை முடித்தபின் சற்றே நின்று, அதே சொல்லை இறுக்கமின்றி மீண்டும் சொல்லச் செய்தார். ஆலையில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, மீண்டும் ஓட்டுகின்றோம். இழை அறுந்ததென்று எந்த நெசவாளியும் ஓடி ஒளிவதில்லை.

ஆயின், நோயுற்ற அனுபவம் ஒன்றே தகுதியாகுமோ? ஆகாது. ஐயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சனும் (1906–1965) திக்கியவரே. 1939-ல் அவர் மேற்பார்வையில் மாணவி ஒருவர் 22 அநாதைப் பிள்ளைகளைச் சோதனைக்கு உட்படுத்தினார். நன்றாய்ப் பேசிய சில பிள்ளைகளிடம், அவர்கள் திக்குவதாகக் கூறப்பட்டது. அவர்கள் பேச அஞ்சி ஒடுங்கினர். 2001-ல் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரிற்று.

தான் பட்ட துன்பம் பிறர் துன்பத்தை அறியும் கண்ணைத் தரலாம். கருணையை அவரவரே வளர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆதலின் பயிற்சியாளரை நாடுவோர், அவர் திக்குகின்றாரா என்று பார்த்தல் வேண்டா. முறையாகக் கற்றவரா, நம் பிள்ளை சொல்லி முடிக்குமளவும் பொறுத்திருப்பவரா என்று பார்த்தல் வேண்டும்.

அப்பொறுமை நமக்கும் உரியது. கூட்டத்தில் ஒருவர் திக்குங்கால் பலர் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுக்கின்றனர். அது உதவிபோல் தோன்றினும், அவர் சொல்லை அவரிடமிருந்து பறிப்பதேயாகும். அவரே சொல்லட்டும், நாம் கேட்டிருப்போம்.