பாதிரியாரும் வாத்தியாரும்

கறைபட்ட குருவானவர் நடத்தும் சடங்கு செல்லாது என்று நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் வாதாடினார்கள். அகஸ்டின் ஏற்கவில்லை. குடிகாரன் கையால் ஞானஸ்நானம் பெற்றாலும் அதைக் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்பது அவர் பதில். கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் த குளோரி' (1940) இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. மெக்ஸிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் துரத்தப்படும் அந்தப் பாதிரி குடிகாரன், பயந்தவன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஆனாலும் அவன் அப்பத்தை உயர்த்தும்போது நடக்கவேண்டியது நடந்துவிடுகிறது. நம் நண்பர்கள் இந்தப் பாதிரியின் வீழ்ச்சியில் ஒரு மகத்துவத்தைக் கண்டு சொக்கிப்போவதுண்டு. எனக்கு ஆட்சேபமில்லை. பாதிரிக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை வாத்தியாருக்கும் உண்டா என்பதுதான் என் சந்தேகம்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். என் மூச்சில் என்ன வாசனை வருகிறது என்பது வாடிக்கையாளருக்கு அருவருப்பாக இருக்கலாம். அவர் பணத்துக்கு அதனால் சேதமில்லை. நோட்டை எண்ணிக் கொடுத்தது சரியாக இருந்து சாயங்காலம் கணக்கு டாலி ஆகிவிட்டால் என் காரியம் முடிந்தது. குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். (எங்கள் தொழிலில் இது பரீட்சித்துப் பார்க்கப்பட்ட உண்மை.) இந்த வகையில் பாதிரியும் குமாஸ்தாவும் ஒரே ஜாதி. இருவர் வழியாகவும் அவர்களைவிடப் பெரிய ஒரு ஸ்தாபனம் வேலை செய்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதும் குடித்தவன் வாயிலிருந்து வந்தால் ஐம்பத்தேழு ஆகிவிடுவதில்லை. அப்படியானால் குடித்துவிட்டு வகுப்புக்குள் வரும் வாத்தியார் எதைக் கெடுக்கிறார்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ்ஸில் போய், அங்கிருந்து கடலோரக் குப்பம் ஒன்றின் தொடக்கப்பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒருவரைப் பல வருஷங்களாக எனக்குத் தெரியும். ஊரையும் பள்ளியையும் சொல்லவேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நல்ல வாசகர். என்னிடமிருந்து வாங்கிப்போன புத்தகங்களை அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்த ஒரே மனிதர். காலையிலேயே குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார் என்பது குப்பத்துக்குத் தெரியும், உடன் வேலை செய்தவருக்குத் தெரியும், சம்பளக் கணக்கைப் பார்க்கிற எங்களுக்கும் ஓரளவு தெரியும். "குடிச்சாத்தான் தம்பி உள்ள போக முடியுது. நாப்பது பசங்க ஒரேடியா என்னைப் பாக்கறானுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். குடிக்கிறவர்கள் சொல்லும் சாக்குகளை நிறையக் கேட்டவன் நான். இது அந்த வகையில் சேராது என்று எனக்குப் பட்டது.

அவர் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புகளோ ஐந்து. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒரே மனிதர், ஒரே அறை. ஒருவன் 'அம்மா', 'ஆடு' எழுத, இன்னொருத்தி பின்னங்களோடு மல்லாட, நடுவில் வருகைப்பதிவை மொபைலில் ஏற்றவேண்டும். சிக்னல் இல்லையென்றால் விளக்கம் எழுதவேண்டும். வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு என்று வருஷத்தில் சில மாதங்கள் வேறு வேலை. 1974இல் ஃப்ராய்டன்பர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் போதைப் பழக்கக்காரர்களுக்குத் தொண்டு செய்தவர்களே உள்ளுக்குள் எரிந்து சாம்பலாகிப்போவதைக் கவனித்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். இன்று ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்களில் 'மன அழுத்தம்' என்ற பெயரில் அது வந்து சேர்ந்திருக்கிறது. மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள். இரண்டு ஆசிரியர் மூன்றாவதற்கு மூச்சுப் பயிற்சி மலிவு.

இன்னொரு கணக்கும் உண்டு. கணக்குப் பார்ப்பது என் தொழில்தோஷம். 2023–24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த ஆயத்தீர்வையும் வரியும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த வருஷ பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. வாத்தியார் சம்பளம் எந்தக் கையிலிருந்து வந்து எந்தக் கைக்குத் திரும்பிப் போகிறது என்று பார்த்தால் ஒரு வட்டம் கிடைக்கும். ஆனால் இந்த வட்டத்தைக் காட்டிவிட்டு 'சமூகம்தான் குற்றவாளி' என்று கைகழுவிவிடுகிற விமர்சன பாணியில் எனக்கு நம்பிக்கையில்லை. காரணம் வேறு, நியாயம் வேறு. ஒருவன் ஏன் செய்தான் என்பது முழுக்கத் தெரிந்துவிட்டால் அவன் செய்ததே இல்லை என்று ஆகிவிடாது. மேலும் இதில் ஒரு அவமரியாதையும் இருக்கிறது. அவரை அழுத்தத்தால் வளைந்த தகரமாகப் பார்க்கிறோமே தவிர, அட்டை போட்டுப் புத்தகம் திருப்பித் தந்த மனிதராகப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விவரம் முக்கியம். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. 2016 வரை பத்து மணிக்குத் திறந்தது. பள்ளி காலையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. ஆக, முதல் மணிக்குக் குடித்திருப்பவர் முந்தின ராத்திரியே வாங்கி, அதில் பாதியை மிச்சம் வைத்திருக்கவேண்டும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் மறுநாள் வகுப்புக்கென்று ஒரு கட்டிங்கை ஒதுக்கி, மூடி, பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற கை நிதானமான கை. குடிவெறியில் செய்த காரியங்களுக்கு அதிக தண்டனை விதித்த பிட்டாகஸின் சட்டத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். குடிக்காமல் இருப்பது அவன் வசத்தில் இருந்ததே என்பது தர்க்கம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86ஆம் பிரிவுகள் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தன: பிறர் ஏமாற்றியோ பலவந்தமாகவோ ஊட்டிய போதைக்கு மன்னிப்பு, தானே ஏற்றிக்கொண்டதற்கு இல்லை. 2024 ஜூலை முதல் அமலான புதிய சட்டத்தில் எண் 23, 24 என்று மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை. ஆனால் இரண்டும் போதையில் செய்த குற்றத்தைப் பற்றிப் பேசுகின்றன. நம் வாத்தியார் யாரையும் அடித்ததில்லை. திட்டியதுகூட இல்லை. போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

'பிள்ளைகளுக்குக் கெட்ட முன்மாதிரி' என்பார்கள். பத்திரிகைகளில் குடித்துவிட்டு வந்த ஆசிரியர் சஸ்பெண்ட் ஆகும்போதெல்லாம் இதே வாசகம்தான். இது மேலோட்டமான குற்றச்சாட்டு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை, விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் கையுயர்த்தித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நாம் கேட்கிறோம், பிள்ளைகளுக்கோ அது குடிக்கும் என்று பார்த்த உடனே தெரிகிறது. ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் முப்பது வருஷம் பாடமே நடத்தாத உத்தமர்களை எனக்குத் தெரியும். முன்மாதிரி என்ற தராசில் அவர்கள் தங்கமாக நிற்பார்கள். அந்தத் தராசே கோளாறு.

நகைச்சுவை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. இதே கடற்கரையை ஆண்ட பல்லவ வம்சத்தில் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாஸன்' என்றே பட்டம் வைத்துக்கொண்டு, குடிகாரக் காபாலிகனை நாயகனாக்கி ஒரு பிரஹசனம் எழுதினான். அதில் தொலைந்துபோன கபாலத்தைக் கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறான், அதனால்தான் நாம் சிரிக்க முடிகிறது. வகுப்பறையில் தொலைவது என்ன என்பதுகூட வெளியே தெரிவதில்லை.

அதைக் குப்பத்துப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வீட்டில் குடிக்கிற மனிதர் இருந்தால் (செங்கல்பட்டு உத்தியோகஸ்தர் குடியிருப்புகளிலும் இதே கதைதான்) குழந்தைக்கு ஒரு தேர்ச்சி வந்துவிடுகிறது. வாசற்படியில் செருப்பு கழலும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று சொல்லிவிடும். எப்போது தண்ணீர் கொண்டுவருவது, எப்போது தம்பியைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போவது என்பதெல்லாம் அத்துப்படி. குழந்தையாக இருக்கும் வேலையை ஒத்திவைத்துவிட்டு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதன் அர்த்தமே, தினமும் சில மணி நேரம் இந்த வேலையிலிருந்து விடுதலை என்பதுதான். அங்கே கவனிக்கவேண்டியவர் பெரியவர், கவனிக்கப்படவேண்டியது குழந்தை. நம் வாத்தியாரின் வகுப்பில் இது தலைகீழானது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள். இன்னொருவன் சின்னப் பிள்ளைகளை வாய்பொத்தவைப்பான். யாராவது விசாரிக்க வந்தால் 'சாருக்குத் தலைவலி' என்று சொல்ல ஒருவன் தயாராக இருப்பான். அன்பினால்தான் செய்தார்கள். அவர்மேல் அவர்களுக்கு நிஜமாகவே பிரியம். அந்தப் பிரியத்தையல்லவா அவர் செலவழித்துக்கொண்டிருந்தார்.

சிமோன் வேய், படிப்பு என்பதே கவனத்தைப் பழக்கும் பயிற்சி என்று 1942இல் ஒரு கட்டுரையில் எழுதினாள். மாணவன் பக்கத்திலிருந்து எழுதிய கட்டுரை அது. வாத்தியார் பக்கத்திலிருந்தும் அதைத் திருப்பிப் படிக்கலாம். பாதிரியின் அப்பத்தில் அவன் கவனம் ஒரு சேர்மானப் பொருள் அல்ல. வாத்தியார் தருவதோ அது ஒன்றுதான். ஐம்பத்தாறு புத்தகத்தில் இருக்கிறது. குழந்தை எந்த இடத்தில் ஐம்பத்துநாலு என்று தடுக்கியது என்பதைப் பார்க்கிற கண் புத்தகத்தில் இல்லை. நாற்பது பேர் பார்வை தன்மேல் விழுவதைத் தாங்காமல் அவர் ஒரு திரை போட்டுக்கொண்டார். திரைக்கு இரண்டு பக்கம்.

2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்திலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஜனங்கள் செத்தார்கள். குடி அரசாங்கத்தின் கண்ணில் படுவது இப்படிப் பிணமாக வரும்போதுதான். பள்ளி திறந்த பிறகு, அந்தப் பயத்தில்தானோ என்னவோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு எழுந்தது. புகார் கொடுக்கவேண்டாம், பாவம், குடும்பஸ்தர் என்றே பலரும் சொன்னார்களாம். எல்லோருக்கும் தெரிந்த குடிகாரரான ஒரு தகப்பன்தான் எழுந்து சொன்னாராம்: "நான் குடிச்சிட்டுக் கடலுக்குப் போனா சாவறது நானு. இவுரு குடிச்சிட்டு வந்தா?" அதற்குமேல் அவர் பேசவில்லை. இந்த விஷயத்தில் தமிழில் எழுதப்பட்ட எந்த வியாசத்தைவிடவும் அந்தப் பாதி வாக்கியம் தெளிவானது என்று நினைக்கிறேன். உன் உடம்பு, உன் கடல் என்றால் அது ஒரு தளம். அங்கே அவனை உபதேசிக்க எனக்கு அதிகாரமில்லை.

புகார் போயிற்று. விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. 'நிர்வாகக் காரணம்' என்று மாறுதல் உத்தரவு வந்தது. சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது வேறு ஒரு பள்ளியில், வேறு முப்பத்தைந்து பிள்ளைகளோடு இருக்கிறார். சம்பளம் எங்கள் கிளையிலேயே வரவாகிறது.

அவர் இடத்துக்கு வந்த டீச்சர் சம்பளக் கணக்கை மாற்றிக்கொள்ள வந்தபோது சொன்னார். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம், ரொம்ப அடக்கமாம். ஒன்றுதான் விளங்கவில்லை: தான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பெண் எழுந்துபோய் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறாளாம். வேண்டாம், காற்று வரட்டும் என்று தினமும் சொல்லவேண்டியிருக்கிறதாம். பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொடுத்தேன்.