புகைப்பவனே, ஏன் ஒளிகிறாய்?

சுகாதார அமைச்சின் ஆய்வாளர் உன் பிளாட் கதவைத் தட்டுகிறார். நீ என்ன செய்கிறாய்?

"அவர் வீட்டில் இல்லை" என்று மனைவியைச் சொல்ல வைக்கிறாய்!

யாருக்குப் பயப்படுகிறாய்? டேப்லெட்டோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கா? அவர் சம்மன் எழுத வரவில்லை. உன் பெயரும் வெளியே போகாது. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? இதைத்தான் கேட்கப்போகிறார்.

உன் கடைக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியும். நீ வாய் திறக்குமுன் உன் பெட்டியை எடுத்து நீட்டுகிறார். சொல்ல உனக்கு மட்டும் என்ன கூச்சம்?

2019 ஜனவரியில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. மாமாக் கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, மழையில் நனைந்தும் ஊதுகிறாய். அந்தக் கால்களுக்கு வாசல்வரை வர வலுவில்லையா?

"நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகிறது?"

இந்தச் சாக்கு என்னிடம் வேண்டாம்!

1951-இல் பிரிட்டனில் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் டாக்டர்களுக்குப் புகைப்பழக்கம் பற்றிய கேள்வித்தாள் அனுப்பினார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். ஊதிக்கொண்டிருந்த டாக்டர்களும் எழுதினார்கள்!

அவர்களில் ஆண்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடைசிவரை புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்திருந்தார்கள். 30 வயதில் விட்டவர்களோ அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுதாக மீட்டார்கள். 60-இல் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு மிஞ்சியது.

அறுபதில்கூட! உன் வயது என்ன?

டாலும் புகைத்தவர்தான். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அவர் நடத்திய முந்தைய ஆய்வு முடியுமுன்பே, வந்த விவரங்களைப் பார்த்துத் தாமே விட்டார்.

நம் மலேசியாவில் இந்தத் தேசிய சுகாதார ஆய்வு 1986-இல் தொடங்கியது. 2023 கணக்குப்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 19 விழுக்காட்டினர் புகைத்தார்கள். எல்லார் வீட்டையும் தட்டுவதில்லை, தேர்ந்தெடுத்த வீடுகளை மட்டுமே. பிரிக்பீல்ட்ஸில் உன் கதவைத் தட்டினால், தட்டாத கதவுகளுக்கும் சேர்த்து நீதான் பேச வேண்டும்.

நீ ஒளிந்தால் கணக்கு பொய் சொல்லும். பொய்க் கணக்கை நம்பி, கிளினிக்கில் ஆளையும் மருந்தையும் யார் கூட்டுவார்கள்?

"விட்டுப் பார்த்தேன், தோற்றேன். அதை எப்படிச் சொல்வது?"

அதையும் சொல்! நிக்கோட்டின் பிடி அப்படி. பலமுறை விழுந்து எழுந்துதான் பலர் விட்டிருக்கிறார்கள். நீ மட்டும் எந்த வகையில் குறைந்தவன்?

எழுந்து வா. 20 என்றால் 20 என்று சொல். மனைவி காதில் விழட்டும்!

ஆய்வாளர் கிளம்புமுன் நீயும் ஒன்று கேள்: பக்கத்து அரசாங்க கிளினிக்கில் புகைப்பதை விட உதவும் எம்குவிட் சேவை எந்தக் கிழமை?