வராத கடிதம்

1760 மார்ச் 5 அன்று, பதுவா நகரிலிருந்து, ஜுசெப்பே தார்த்தினி ஒரு கடிதம் எழுதுகிறார். அவருக்கு அப்போது 67 வயது. வயலின் கலைஞர், இசைக் கோட்பாட்டாளர். அவருடைய வயலின் பள்ளிக்குப் பல தேசங்களிலிருந்து மாணவர்கள் வந்ததால் அதை ‘நாடுகளின் பள்ளி’ என்றே அழைத்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த இடம் வெனிஸில் மெண்டிகாந்தி என்ற தருமசாலை. பெற்றுக்கொண்டவர் மத்தலேனா லொம்பார்தினி. வயது 14.

அவள் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா? தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி இது. சிறுமிதானே என்று கை தானாக ‘அவள்’ என்று எழுதிவிடுகிறது. தார்த்தினியோ பெரிய மனுஷிக்கு எழுதுவதுபோல மதிப்புடன் விளித்துத்தான் தொடங்குகிறார். அவர் கொடுத்ததை நான் ஏன் பிடுங்க வேண்டும்? ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

வெனிஸில் அப்படி நான்கு தருமசாலைகள் இருந்தன. ஆதரவற்ற, ஏழைப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்து, அவர்களில் குரலும் விரலும் வாய்த்தவர்களுக்கு இசை கற்பித்தார்கள். மேல்மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று அவர்கள் வாசிக்க, கீழே கோயிலில் ஐரோப்பாவே வந்து உட்கார்ந்து கேட்டது. கேட்டவர்களுக்கு முகம் தெரியாது. பல பெண்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. இன்னார், வயலின்காரி என்று கருவியே பெயராக ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொண்டு வெளியேறினால் வெனிஸில் மேடையேற மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மத்தலேனா அங்கே போனது 7 வயதில்.

தார்த்தினியின் கடிதம் ஒரு பாடம். முதலில் வில். விரல் வைக்காத தந்தியில், மூச்சுப் போல மெல்லத் தொடங்கி, ஒலியை ஏற்றி, மறுபடி இறக்கி ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரமாவது, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். பிறகு கொரெல்லியின் ஐந்தாம் தொகுப்பிலுள்ள வேகமான பகுதிகள். அதன்பின் இடது கையை வழக்கமான இடத்திலிருந்து மேலே நகர்த்திப் பிடித்து வாசிக்கப் பழகுவது. கடைசியாக, இரண்டு சுரங்களை அடுத்தடுத்து அசைக்கும் ட்ரில்: நிதானமாகத் தொடங்கி, படிப்படியாக வேகம் கூட்டி. வயலின் தொட்டறியாத எனக்கே படித்து முடித்ததும் வலது மணிக்கட்டு கனத்தது. நல்ல ஆசிரியரின் எழுத்து அப்படி.

தார்த்தினி 1770இல் இறந்த சில மாதங்களில் கடிதம் வெனிஸில் அச்சேறியது. அடுத்த ஆண்டே சார்ல்ஸ் பர்னி அதை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார். இன்றும் வயலின் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அது ஒரு பதில் கடிதம். மத்தலேனா எழுதிக் கேட்டதற்குப் பதில். அந்த முதல் கடிதம் நம்மிடம் இல்லை.

கடிதங்கள் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடம் தங்குகின்றன. அவர் எழுதியதை இங்கே யாரோ பத்து வருடம் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். இவர் எழுதியதை அங்கே யாரும் வைத்திருக்கத் தோன்றவில்லை. இதில் வில்லத்தனம் எதுவும் இல்லை. கடிதங்களை யார் கொளுத்தினார்கள் என்று தேடினால் பெரும்பாலும் யாரும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். மேசையைத் துடைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் முதுகலை மாணவிகளிடம் இந்தக் கடிதத்தை என் மொழிபெயர்ப்பில் கொடுத்து, மத்தலேனாவின் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள் என்றேன். எனக்கே பிடித்துப்போன பயிற்சி அது. நானும் அவர் குரலில் ஒரு கவிதை எழுதி வைத்திருந்தேன். எல்லோரும் எழுதினார்கள். கம்பித் தட்டி வந்தது, நிலா வந்தது, சிறகு வந்தது. ஒருத்தி மட்டும் வெற்றுத்தாளைக் கொடுத்தாள்.

“நான் எழுதிட்டா அந்த இடம் நெறஞ்சிடும்மா. அப்புறம் அவங்க எழுதுனது இல்லைங்கிறதே மறந்துடும்.”

வகுப்பில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. சங்க அகப்பாட்டில் தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். பாடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதை இருபது வருடமாக நான் பாடம் நடத்துகிறேன். பெண் குரலை ஆண் எடுத்துக்கொள்வது பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணின் குரலை இன்னொரு பெண் எடுத்துக்கொண்டால் அது எடுத்துக்கொள்வது ஆகாதா? நானும் பெண் என்பது எனக்கு எந்த அளவுக்கு உரிமை தருகிறது? அவருக்கும் எனக்கும் நடுவே கடலும் 260 ஆண்டுகளும் கிடக்கின்றன. என் கவிதையில் அவர் சுதந்திரத்துக்கு ஏங்கினார். உண்மையில் அவர் வில்லை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கக்கூடும்.

இங்கே தார்த்தினியே எனக்கு உதவினார். இரண்டு தந்திகளை ஒருசேர மீட்டினால் கீழே மூன்றாவதாக ஓர் ஒலி கேட்கும். யாரும் வாசிக்காத ஒலி. இளைஞராக இருந்தபோது அவர் அதைக் கண்டுகொண்டு, 1754இல் வெளியான தன் கோட்பாட்டு நூலில் விளக்குகிறார். சுருதி சரியா என்று சோதிக்கவும் அதையே மாணவர்களுக்குச் சொன்னார்: மூன்றாம் ஒலி எழவில்லையென்றால் விரல் தப்பான இடத்தில் இருக்கிறது. தொலைந்த கடிதமும் அப்படித்தான், கூர்ந்து கேட்டால் கேட்கும் என்று முதலில் குஷியாகக் குறித்துவைத்தேன். பிறகு உறைத்தது, அதற்கு இரண்டு தந்தி வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றுதான். நான் கேட்டது என் சொந்த முணுமுணுப்பு. கவிதையை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அதற்காக மத்தலேனா வெறும் மௌனம் அல்ல. 1767இல் லுதோவிகோ சிர்மென் என்ற வயலின் கலைஞரை மணந்து மெண்டிகாந்தியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே பாரிஸில் மேடை, 1771இல் லண்டன். 1769இல் பாரிஸில் அச்சான ஆறு நால்வர் இசைகளின் முகப்பில் கணவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது; இசை நடையைப் பார்த்து அவை அவருடையவையே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1778இல் லியோபோல்ட் மொசார்ட் ஒரு கடிதத்தில் சிர்மெனின் கன்செர்ட்டோ ஒன்றைப் புகழ்கிறார். மறுபடியும் ஓர் ஆணின் கடிதம்! ஆனால் சுரங்கள் அவர் எழுதியவை. இன்றும் வாசிக்கிறார்கள். கடிதத்தைத் தேடி ஏங்கிய நான் அவருடைய இசையை முழுதாகக் கேட்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து இருந்தால்தான் ஆள் இருந்ததாக நம்பும் தமிழ்த்துறை புத்தி.

அடுத்த பருவத்தில் பயிற்சியை மாற்றினேன். எதையும் எழுத வேண்டாம். தார்த்தினியின் கடிதத்தில் மத்தலேனாவின் கேள்வி தெரியும் இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள், போதும். வெற்றுத்தாள் கொடுத்தவள் அப்போது இரண்டாமாண்டு. தானும் செய்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு போனவள், மறுநாள் துறை வாசலில் நிறுத்தினாள்.

“வில்லு, கை, ட்ரில்லு. மூணுக்குப் பதில் இருக்கும்மா. நாலாவதா ஏதாவது கேட்டு, அவர் பதில் சொல்லாம விட்டிருந்தா?”