ஊசி இருந்ததா?

1983 ஜூன். ஜப்பானில் ஒரு மலைக்கிராமம். உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருக்கும் கெய்ச்சியைப் பார்க்கத் தோழிகள் ரேனாவும் மியோனும் வருகிறார்கள். கையில் ஓஹகி: இனிப்புப் பயறு பூசிய சோற்றுருண்டை. அவர்கள் போனபின் ஒன்றைக் கடிக்கிறான். வாயில் சுருக்கென்கிறது. உள்ளே ஊசி! உருண்டைகளைச் சுவரில் வீசியடிக்கிறான். அந்த நிமிடம் முதல் தோழிகள் அவனுக்கு எதிரிகள். சில நாளில் பேஸ்பால் மட்டையால் இருவரையும் அடித்தே கொல்கிறான்.

ரியூகிஷி07 எழுதிய 'ஹிகுராஷி நோ நாக்கு கோரோ நி' என்ற விஷுவல் நாவலின் முதல் பாகம் இது. திரையில் படம், இசை, வரிவரியாய் நகரும் எழுத்து; இதில் வாசகர் தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. 2002 ஆகஸ்டில் டோக்கியோவின் காமிக் மார்க்கெட்டில் விற்பனைக்கு வந்தபோது இந்த ஒரு பாகம்தான் இருந்தது. எட்டுப் பாகங்களும் முடிய 2006 ஆகஸ்ட் ஆனது. ஊர்த்தெய்வம் ஓயாஷிரோவின் சாபமா, மனிதச் சதியா, புத்திப் பேதலிப்பா? முதல் நான்கு பாகங்களும் கேள்வியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும்.

2005இல் வந்த ஆறாம் பாகத்தில்தான் தான் கண்டது பொய் என்பது கெய்ச்சிக்கு உறைக்கிறது. உருண்டைக்குள் ஊசியே இல்லை. விளையாட்டுக்கு வைத்த காரச் சாறு, அவ்வளவுதான். ஆக, 2002இல் படித்தவர்கள் மூன்று வருஷம் அந்தப் பெண்களைச் சந்தேகித்தபடி இருந்திருக்கக்கூடும்.

முழுக்கதையும் வெளிவந்த பிறகு படித்தவன் நான். ஆனாலும் முதல் பாகம் முடிந்த இரவில் கெய்ச்சியின் பக்கம்தான் நின்றேன். அந்த ஊசியை நானும் கண்ணால் கண்டதுபோல நம்பினேன். கதை பாதியில் நின்றாலும் மனசு நிற்பதில்லை. மீதியைத் தானே எழுதிக்கொள்கிறது. பயந்திருக்கும்போது எழுதினால் அதில் எல்லோரும் வில்லன்கள். சாபத்தையும் பேயையும்விட என்னை நடுங்கவைத்தது இதுதான்.

ஏனென்றால் நானும் அப்படி ஒன்று எழுதி வைத்திருந்தேன். அப்பா இறந்தபோது என் நெருங்கிய நண்பன் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. பதினாறாம் நாள் காரியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவனுக்கு நானே ஒரு மனசைக் கற்பித்து, அதற்கு ஒரு காரணமும் சொல்லி, கணக்கை முடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவன் வரவில்லை என்பது மட்டும். மிச்சமெல்லாம் என் கற்பனை. நான்கு வருஷம் அதையே நிஜமென்று சுமந்தேன்.

ரியூகிஷி07இன் இன்னொரு விஷுவல் நாவலான 'சிக்கோனியா' 2019 அக்டோபரில் முதல் பாகத்தோடு நின்றது. ஆண்டுகள் ஓடியும் இரண்டாம் பாகம் வரவில்லை. முடியாத கதையை எதற்குத் தொட வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாததைத் தெரியாததாகவே கொஞ்ச நாள் வைத்திருக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதில் வரும் யாரையும் நான் இன்னும் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கவில்லை.

போன மாதம் நண்பனுக்குப் போன் செய்தேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அம்மா எப்படி இருக்காங்க என்றான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான்.