நீராவிக் கோட்டை

இன்று வெம்பிளி விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில் ஈபிள் கோபுரத்தை மிஞ்சும் ஒன்றைக் கட்டப் புறப்பட்டார் ரயில்வே அதிபர் எட்வர்ட் வாட்கின். 1896இல் முதல் தளம் மட்டும் திறந்தது. அடிமண் இறங்கியது, பணமும் வற்றியது, 1907இல் தகர்த்துவிட்டார்கள். அதே இங்கிலாந்தை வைத்து கட்சுஹிரோ ஒட்டோமோ எடுத்த ஜப்பானிய அனிமே 'ஸ்டீம்பாய்' (2004) பார்க்கும்போது அந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது.

ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு, 1,80,000 ஓவியங்கள். கதை நடப்பது 1866இல். சிறுவன் ரே ஒற்றைச் சக்கர நீராவி வண்டியில் தப்பியோடும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அழுத்தமானியின் முள் நடுங்குகிறது, குழாய் மூட்டுகளில் ஆவி கசிகிறது, ஒவ்வொரு திருகாணிக்கும் எடை இருக்கிறது. இப்படி வரைய எத்தனை பொறுமை வேண்டும்!

ஆனால் கதை? இங்கேதான் அடிமண் இறங்குகிறது. விஞ்ஞானம் எதற்கு என்று ரேயின் அப்பாவும் தாத்தாவும் வாதாடுகிறார்கள். நல்ல கேள்விதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் ரேக்குத் தனக்கென்று ஓர் ஆசை, ஒரு கோபம் வாய்க்கவில்லை. பின்பாதி முழுக்க இடிபாடும் வெடிப்பும். ஒட்டோமோவின் 'அகிரா'விலும் (1988) கதை சிக்கலானதுதான். ஆனாலும் அதில் வரும் டெட்சுவோவின் பொறாமை நம்மை விடாமல் பிடித்து வைத்தது. லண்டனை இவ்வளவு காதலோடு வரைந்தவர்கள் ரேக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.